ஐந்தடி ஒன்பதங்குலம்

2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமாகிய என்.பி.ஏ.-வின் முப்பது அணிகளும் முறை வைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்துகொள்ளும் டிராஃப்ட் என்னும் வைபவம் நடந்தேறியபோது, கலிபோர்னியா மாநிலத்துச் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்கு இரண்டு இளைஞர்கள் பாயிண்ட் கார்டு ஸ்தானத்துக்கென்று வந்து சேர்ந்தார்கள். ஒருவர் ஜிம்மர் ஃப்ரெடெட், கல்லூரியில் ஆடிய காலத்திலேயே நாடெங்கும் பிரசித்தி பெற்றவர், ஆறடி இரண்டங்குல உயரம், பத்தாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மற்றவர் ஐசாயா தாமஸ்; வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரத்தில் பிறந்தவர்; ஐந்தடி ஒன்பதங்குலம்; அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட அறுபது பேரில் அறுபதாமவர், அதாவது அவருக்குப் பின் பெயர் சொல்லி அழைக்கப்பட ஒருவரும் பாக்கியில்லை.

பாயிண்ட் கார்டு என்பவர் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, எந்தச் சகாவுக்கு எந்தக் கணத்தில் அதைக் கொடுப்பது என்று நிர்ணயித்து, ஆட்டத்தின் கடிவாளத்தைக் கையில் வைத்திருப்பவர். அந்தப் பருவத்தில் சாக்ரமெண்டோவுக்கு இப்படிப்பட்ட ஒருவர் அவசியமாய்த் தேவைப்பட்டார். முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் மூண்ட ஊதியத் தகராற்றினால் பருவம் கிறிஸ்துமஸ் வரை தள்ளிப்போய், ஆட்டங்களும் 82-லிருந்து 66-ஆகச் சுருங்கியிருந்தன, தொடங்கி இரண்டு வாரம் ஆவதற்குள் பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஃபால் நீக்கப்பட்டு, கீத் ஸ்மார்ட் என்பவர் பொறுப்பேற்றார், ஆறடி ஆறங்குலத்து டைரீக் எவன்ஸ் பந்தைக் கையாண்டுகொண்டிருந்தார், அணியோ தோற்றுக்கொண்டிருந்தது. 2012 பிப்ரவரியில், அறுபதாமவராக வந்த அந்த இளைஞருக்கு ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் இடம் கொடுப்பதா, கூடாதா என்ற வினா எழுந்தது.

விளையாட்டு ரசிகர்கள் தேநீர்க் கடையில் தீர்த்துக்கொள்ளும் விவகாரம் இது என்று தோன்றும். ஆயினும், இதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எறிபொருளின் இயக்கமும், உடலின் பருமனுக்கும் பலத்துக்கும் உள்ள சம்பந்தமும், தெரிவு என்னும் செயல் புள்ளிவிவரங்களை எவ்வாறு கோணலாக்குகிறது என்ற நுட்பமான தர்க்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இந்த நூலில் இதற்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கியது அதனால்தான்.

முதலில் அளவைச் சொல்லிவிடுவோம். ஐந்தடி ஒன்பதங்குலம் என்பது 175 சென்டிமீட்டர். வயது வந்த அமெரிக்க ஆடவரின் சராசரி உயரமும் ஏறக்குறைய அதுவே. தெருவில் நடந்துபோனால் யாரும் திரும்பிப் பாராத இந்த மனிதர், ஆட்டக்களத்தில் கால் வைத்தவுடன் வாமனராகிவிடுகிறார், ஏனெனில் என்.பி.ஏ. ஆட்டக்காரர்களின் சராசரி உயரம் 2 மீட்டரை ஒட்டியது. அவருடைய அணியிலேயே இருந்த டிமார்கஸ் கசின்ஸ் ஆறடி பதினோரங்குலம்.

உயரத்துக்கு இந்த ஆட்டத்தில் இவ்வளவு மதிப்பு ஏற்பட்டதே ஒரு தற்செயல் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர்களைக் கூரைக்கடியில் ஆடவைக்க ஒரு புதிய விளையாட்டைக் கற்பித்து, பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்து மாடத்தின் விளிம்பில் ஆணியடித்துப் பொருத்தினார். அந்த மாடம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. ஆகவே கூடையும் பத்தடியில் அமைந்தது. இன்றும் வளையம் அந்தப் பத்தடியிலேயே, அதாவது 305 சென்டிமீட்டரிலேயே, நிற்கிறது. அந்த மாடம் பன்னிரண்டடியில் கட்டப்பட்டிருந்தால், ஏறக்குறைய எந்த மனிதனுக்கும் வளையம் எட்டாத தூரத்திலிருந்து, நெட்டையரின் அனுகூலம் வேறு கணக்காகியிருக்கும். (அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவியவர். நம் நாட்டில் இந்த ஆட்டம் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.)

இனி எறிதலுக்கு வருவோம். யாரும் தடுக்காத நிலையில், வளையத்தை நோக்கிப் பந்தை எறிவதில் உயரம் எவ்வளவு உதவுகிறது? தடையில்லா எறிதலுக்கான ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கும் ஒருவருக்கு வளையத்தின் மையம் கிடைமட்டமாக 4.19 மீட்டர் தொலைவில் இருக்கிறது. நெட்டையர் ஒருவர் பந்தை 2.5 மீட்டர் உயரத்தில் கைவிடுகிறார் என்றும், குட்டையர் 2.1 மீட்டரில் கைவிடுகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த வேகத்தில் இலக்கை எட்டுவதற்கான கோணம், 45 பாகையோடு இலக்கு கண்ணுக்குத் தெரியும் ஏற்றக் கோணத்தின் பாதியைக் கூட்டினால் கிடைக்கும் என்பது இயக்கவியலில் பழைய சூத்திரம். அதன்படி நெட்டையருக்கு 49 பாகையும், குட்டையருக்கு 51 பாகையும் வருகின்றன. வேகமோ முன்னவருக்கு வினாடிக்கு 6.84 மீட்டர், பின்னவருக்கு 7.17 மீட்டர். நாற்பது சென்டிமீட்டர் உயர வித்தியாசத்துக்கு இயற்கை விதிக்கும் அபராதம், வேகத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை!

வளையத்துக்குள் நுழையும் விதத்தையும் பார்க்கலாம். வளையத்தின் விட்டம் 45.7 சென்டிமீட்டர், பந்தின் விட்டம் சுமார் 24. நேர் மேலிருந்து விழும் பந்துக்கு வளையம் முழு வட்டமாகத் தெரிகிறது. சாய்ந்து வரும் பந்துக்கு அது நசுங்கிய நீள்வட்டமாகிறது. 32 பாகைக்கும் தாழ்ந்த சாய்வில் வந்தால் விளிம்பைத் தொடாமல் நுழையவே இடமிராது. மேற்சொன்ன இரு எறிதல்களும் முறையே 41, 39 பாகைச் சாய்வில் வந்து இறங்குகின்றன. நெட்டையரின் பந்துக்கு 30 சென்டிமீட்டர் வாசலும், குட்டையரின் பந்துக்கு 28.5 சென்டிமீட்டர் வாசலும் திறந்திருக்கின்றன. இந்த ஒன்றரைச் சென்டிமீட்டரையும், சற்றே கூடுதலாக உயர்த்தி எறிந்து குட்டையர் ஈடுகட்டிவிடலாம். ஐந்தடி ஒன்பதங்குலத்து கால்வின் மர்ஃபி 1980-81 பருவத்தில் தமக்குக் கிட்டிய ஃப்ரீ த்ரோக்களில் நூற்றுக்கு 95.8 வீதம் உள்ளே போட்டார். ஏழடி ஓரங்குலத்து ஷாகில் ஓ'நீலுக்கு ஆட்டவாழ்வு முழுமைக்கும் சேர்த்து வந்த சராசரி நூற்றுக்கு 52.7 மட்டுமே. ஓ'நீலின் மகத்துவம் வேறெங்கோ இருந்தது என்பது உலகறிந்தது. நான் சொல்ல வருவது, தடையற்ற எறிதல் என்பது உள்ளங்கையின் கல்வியேயன்றி எலும்பின் நீளமன்று என்பதுதான்.

ஆனால் ஆட்டத்தில் தடையற்ற எறிதல் அபூர்வம். எதிரே கையை உயர்த்தி ஒருவன் நிற்கும்போது கணக்கு தலைகீழாகிறது. பந்து அவன் விரல் நுனிக்கு மேலே போக வேண்டும். அவனை எட்டுவதற்குள் அது உயர்ந்தாக வேண்டும். விரலோ இரண்டே முக்கால் மீட்டரில் இருக்கிறது. குட்டையருக்கு உயரம் பாக்கி நிற்பது இங்கேதான். அந்தப் பாக்கியை அவர் வேறு நாணயத்தில்தான் தீர்க்க முடியும்.

அந்த நாணயம் யாது? 1638-இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ எலும்புகளை உதாரணமாக வைத்து விளக்கிய ஒரு விதி உண்டு. அதையே 1926-இல் ஜே.பி.எஸ். ஹால்டேன், பிராணிகளின் பருமனைப் பற்றிய தம் சிறு கட்டுரையில், சாமானிய வாசகனும் ரசிக்கும்படி எடுத்துச் சொன்னார். (பிற்காலத்தில் நம் நாட்டில் குடியேறி, குடியுரிமையும் பெற்று, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமான அதே ஹால்டேன்தான்.) ஒரே வார்ப்பில் அமைந்த இரண்டு உடல்களில் ஒன்று மற்றதைவிட நீளமாயிருந்தால், எடை நீளத்தின் கனத்துக்கு ஏற்ப வளர்கிறது; தசையின் பலமோ அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்ததாகையால் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் வளர்கிறது. ஆகவே பெரிய உடல் மொத்தத்தில் பலசாலியானாலும், தன் எடைக்கு ஏற்ற பலத்தில் சிறிய உடலுக்குப் பின்தங்குகிறது. திரும்புவதில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகிறது. ஓர் உடலைச் சுழற்றுவதற்கு அது காட்டும் எதிர்ப்பை நிலைமத் திருப்புத்திறன் என்பார்கள். அது நீளத்தின் ஐந்தாம் படிக்கு ஏற்ப ஏறுகிறது. 175 சென்டிமீட்டர் உடலுக்கு இந்த எதிர்ப்பு, அதே வார்ப்பில் அமைந்த 200 சென்டிமீட்டர் உடலுக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். தசை தரும் திருப்புவிசையும் குறைவு என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், சிறிய உடல் நூற்றுக்கு முப்பது பங்கு கூடுதல் வேகத்தோடு திசை மாறத் தொடங்கிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மனிதர்கள் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் அல்லர். நெட்டையர் பெரும்பாலும் ஒல்லியாகவும், குட்டையர் பெரும்பாலும் கட்டுமஸ்தாகவும் இருக்கிறார்கள். 200 சென்டிமீட்டரும் 100 கிலோவும் கொண்ட ஆட்டக்காரரை அப்படியே சுருக்கினால் 67 கிலோதான் வரும். தாமஸின் எடையோ 84 கிலோ என்று பதிவாகியிருக்கிறது. அவர் சுருக்கப்பட்ட நெட்டையர் அல்லர். வேறொரு வகை உடல். போதாததற்கு, அவருடைய கைவீச்சு அவர் உயரத்தைவிடப் பத்துச் சென்டிமீட்டருக்கு மேல் நீளமானது. எனவே முப்பது பங்கு என்ற கணக்கை அவர்மேல் அப்படியே ஏற்றிச் சொல்வது தவறு. இருந்தபோதிலும், விதி காட்டும் திசை சரியானதே: சட்டென்று நின்று, சட்டென்று திரும்பி, இரண்டாவது அடியில் முழு வேகத்தை எட்டுவது சிறிய உடலுக்குச் சுலபம். பந்து கைக்கும் தரைக்கும் இடையே போய்வரும் தூரமும் குறைவு. தூரம் குறைந்தால் பந்து கையை விட்டுப் பிரிந்திருக்கும் நேரமும் குறைகிறது. அந்த நேரத்தில்தானே எதிரி அதைத் தட்டிப் பறிக்க வேண்டும்?

தாமஸ் வளையத்தை நோக்கிப் பாய்ந்த விதத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மேலே கண்ட சூத்திரங்கள் எல்லாம் உயிர் பெற்று நடமாடுவது தெரியும். அவர் இடக்கைக்காரர். சகாவான ஒரு நெட்டையர் குறுக்கே சுவராக வந்து நிற்கிறார். இதை ஸ்கிரீன் என்பார்கள். தாமஸ் அந்தச் சுவரைத் தம் தோள் உரசும்படி அத்தனை நெருக்கமாகச் சுற்றி வருகிறார். பின்தொடர்ந்த எதிரி சுவரில் மோதித் தடுமாறுகிறான். இப்போது வளையத்தடியில் காத்திருக்கும் ஏழடி மனிதன் ஒருவன் மட்டுமே பாக்கி. தாமஸ் அவனைத் தவிர்ப்பதில்லை. நேரே அவன் மார்பில் தம் தோளைப் பதிக்கிறார். அவன் குதிக்க எண்ணுகிறான். மோதலினால் அவன் எடை குதிகாலுக்குப் போய்விட்டது. அரை வினாடி தாமதித்துக் குதிக்கிறான். அதற்குள் பந்து, விரல்களிலிருந்து உருண்டு, செங்குத்துக்குச் சமீபமான பாதையில் ஏறிவிடுகிறது.

அந்த உயர்ந்த வளைவுக்கு விதிநூலும் ஒரு சகாயம் செய்கிறது. 1940-களில் ஆறடி பத்தங்குலத்து ஜார்ஜ் மைக்கனும், ஏழடி பாப் கர்லண்டும் வளையத்தருகில் நின்று விழும் பந்துகளையெல்லாம் தட்டிவிடக் கண்டு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு நிர்வாகிகள், வளையத்தை நோக்கிக் கீழே இறங்கத் தொடங்கிவிட்ட பந்தை யாரும் தொடக்கூடாதென்று 1944-இல் விதித்தார்கள். ஆகையால் குட்டையர் தம் பந்தை, அது ஏறும் வரையில் காப்பாற்றினால் போதும். உச்சியை அடைந்து இறங்கத் தொடங்கிய கணத்தில் ராட்சதர்களின் கைகளைச் சட்டம் கட்டிப்போட்டுவிடுகிறது. செங்குத்தாக இறங்கும் பந்துக்கு வளையத்தின் வாசலும் அகலமாகத் திறக்கிறது. 55 பாகையில் இறங்கினால் 37 சென்டிமீட்டர். உயரமாக எறிந்த பந்தில் வேகத்தின் சிறு பிழையும் பெரிதாகும் என்பது உண்மையே. அதைக் கையின் பழக்கம் சரிசெய்ய வேண்டும். சிறுவயது முதல் தம்மைவிட நெட்டையரோடு ஆடியே வளர்ந்தவருக்கு அந்தப் பழக்கம் வராதிருந்தால்தான் ஆச்சரியம்.

இது நம்மைப் புள்ளியியலிடம் கொண்டுவந்து விடுகிறது. 1946-இல் ஜோசஃப் பெர்க்சன் என்னும் அமெரிக்க மருத்துவப் புள்ளியியலாளர் ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார். பித்தப்பை அழற்சிக்கும் நீரிழிவுக்கும் உலகில் எவ்விதச் சம்பந்தமும் இல்லாதிருந்தாலுங்கூட, மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் அவ்விரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதுபோல் தோன்றும். ஏனென்றால் மருத்துவமனைக்குள் வருவதற்கே ஏதேனும் ஒரு நோய் இருந்தாக வேண்டும். வாசலே ஒரு சல்லடையாகி, உள்ளே இருப்பவர்களின் குணங்களைத் தன் கண்ணளவுக்கு ஏற்ப இணைத்துவிடுகிறது.

என்.பி.ஏ.-வின் வாசலும் அவ்விதமே. உயரமும் திறமையும் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டினால்தான் ஒருவன் உள்ளே நுழைய முடியும் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். ஏழடிக்காரனுக்குத் திறமை சுமாராக இருந்தாலும் கதவு திறக்கும். ஐந்தடி ஒன்பதங்குலக்காரனுக்கோ, திறமை அசாதாரணமாக இருந்தாலொழிய எட்டிப் பார்க்கவும் வழியில்லை. இதனால் வெளியுலகில் கூடைப்பந்து ஆடுவதற்கு உயரம் எவ்வளவோ உதவி செய்தாலும், உள்ளே நுழைந்துவிட்டவர்களிடையே உயரத்தை வைத்து ஆற்றலை ஊகிப்பது ஏமாற்றத்திலேயே முடிகிறது. உள்ளே நிற்கும் குட்டையன் தன் உயரக் குறைவையே தன் திறமைக்குச் சாட்சியாக ஏந்தி நிற்கிறான். "இவன் ரொம்பக் குட்டை, தாக்குப்பிடிக்க மாட்டான்" என்று சொல்பவர்கள், வாசலில் ஒருமுறை வசூலித்த வரியை உள்ளேயும் மறுபடி வசூலிக்கிறார்கள்.

அறுபதாமவர் என்ற எண்ணையும் இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேர்வாளர்கள் மூடர்கள் அல்லர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் தாமஸ் குவித்த புள்ளிகளை அவர்களும் பார்த்தார்கள். உயரத்துக்காக அதிலிருந்து ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள். என்.பி.ஏ. ஆட்டக்களத்தில் இன்னும் ஒரு நிமிடங்கூட ஆடாத நிலையில், அது நியாயமான முன்னனுமானமே. ஆனால் முன்னனுமானம் என்பது சாட்சியம் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தற்காலிக நீதிபதி. 1763-இல், ஆசிரியர் இறந்தபின் அச்சேறிய தாமஸ் பேய்ஸ் பாதிரியாரின் கட்டுரை கற்பிக்கும் பாடம், புதிய சாட்சியம் கூடக்கூடப் பழைய ஊகத்தின் எடையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பது. எந்த விகிதத்தில் குறைப்பது என்பதில்தான் விவேகம் இருக்கிறது. மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு 36 போடும் ஒருவரின் கணக்கில், நூறு எறிதல்களுக்குத் திட்டப்பிழை ஏறக்குறைய 5. அதிர்ஷ்டம் ஒன்றினாலேயே அவர் 31-க்கும் 41-க்கும் இடையில் எங்கும் தோற்றமளிக்கலாம். ஒரு மாத ஆட்டத்தை வைத்து மூன்று புள்ளி எறிதலைத் தீர்மானிப்பது அவசரம். பந்தைத் தொலைக்காமல் கொண்டுபோகிறாரா, வளையத்தருகே போய்ச் சேருகிறாரா என்பவையோ ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமுறை நிகழ்வன, சீக்கிரமே நம்பத்தக்கவையாகின்றன. தாமஸ் தேறியது இந்த இரண்டாம் வகைச் சோதனைகளில்.

எதிர்ப்பக்கத்து வாதத்தை இனி முழு மரியாதையோடு கேட்போம். ஏனெனில் அதில் பசை இருக்கிறது. தடுப்பாட்டத்தில் குட்டையரின் வேகம் அவருக்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. தாக்கும்போது எங்கே போவதென்பதை அவர் தீர்மானிக்கிறார். தடுக்கும்போது எதிரி தீர்மானிக்கிறான். ஆறடி ஐந்தங்குலக்காரன் ஒருவன் அவருக்கு முதுகைக் காட்டியபடியே வளையத்தை நெருங்கி, திரும்பி, அவர் தலைக்கு மேலே நிதானமாக எறிந்துவிடலாம். ஸ்கிரீன் வைத்து, நெட்டையனொருவனைத் தடுக்கும் பொறுப்பை வேண்டுமென்றே அவர்மேல் சுமத்தலாம். சாதாரண ஆட்டங்களில் எதிரணிகள் இதற்குச் சோம்பல்படும். ஒரே எதிரியை அடுத்தடுத்து ஏழு ஆட்டம் வரை சந்திக்கும் இறுதிச் சுற்றுகளில், அந்த ஒரு பலவீனத்தையே தேடித் தேடி அடிப்பார்கள்.

தடுப்பாட்டத்தை அளப்பதோ தலைவேதனை பிடித்த காரியம். போட்ட புள்ளி யாருடையதென்று ஏட்டில் எழுதலாம். போடவிடாமல் செய்த புள்ளியை எந்த ஏட்டில் எழுதுவது? ஒருவர் களத்தில் இருந்தபோது அணி எவ்வளவு முந்தியது, வெளியே உட்கார்ந்தபோது எவ்வளவு பிந்தியது என்று கணக்கிடும் பிளஸ்-மைனஸ் முறை இதற்காகவே வந்தது. ஆனால் களத்தில் அவரோடு மற்ற ஒன்பது பேரும் இருக்கிறார்களே! அவர்களின் பங்கைச் சமன்பாடுகளால் கழித்தெடுக்கும் நவீன முறைகளும், ஒரு பருவத்து விவரத்தில் தள்ளாடுகின்றன. 2017-இல் கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றில், பிற்காலத்தில் தாமஸ் போய்ச் சேர்ந்த பாஸ்டன் அணி, அவரோடு ஆடிய முதல் இரண்டு ஆட்டங்களில் கிளீவ்லாந்திடம் தோற்று, இடுப்புக் காயத்தால் அவர் விலகிய மூன்றாவது ஆட்டத்தில் 111-108 என்று வென்றபோது, "பார்த்தீர்களா, அவர் இல்லாமலிருந்தால்தான் நல்லது" என்றவர்கள் உண்டு. அந்த வெற்றி தாமஸின் சகாவான ஏவரி பிராட்லி எறிந்து, வளையத்தில் தத்திக் குதித்து உள்ளே விழுந்த ஒரு பந்தினால் கிடைத்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும், அவர் இல்லாமலே, பாஸ்டன் தோற்றது.

தடுப்பாட்டத்தில் குட்டையராயிருந்தும் கடன்படாதவர்கள் இல்லாமலில்லை. ஐந்தடி மூன்றங்குலமே இருந்த மக்ஸி போக்ஸ், 1987-இல் பன்னிரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஏழடி ஏழங்குலத்து மனூட் போலுடன் ஓராண்டு ஒரே அணியில் ஆடிவிட்டுச் சார்லட் ஹார்னெட்ஸுக்குப் போனவர். எதிரியின் பந்து முழங்காலுக்குக் கீழே இறங்கியதும் அது போக்ஸின் ராஜ்யத்துக்குள் வந்துவிடும். களத்தின் முழு நீளத்திலும் ஒட்டிக்கொண்டே வந்து, பந்தைக் கொண்டுவருவதையே எதிரிக்குப் பெரும் பிரயாசையாக்கிவிடுவார். தாக்குதலிலோ பந்தை இழப்பதில் மகா சிக்கனம்; கோல் போடும் சகாவின் கையில் பந்தைச் சேர்ப்பித்தமைக்காக எழுதப்படும் அசிஸ்ட் கணக்கில், சார்லட்டுக்காக அவர் சேர்த்தது 5,557. ஆனால் போக்ஸை முன்னுதாரணமாகக் காட்டித் தாமஸுக்காக வழக்காடுவது பொருந்தாது. இருவரும் குட்டையர் என்பதைத் தவிர இருவருக்கும் ஒற்றுமை சொற்பம். போக்ஸ் பந்தைப் பங்கிட்டவர்; தாமஸ் பந்தைத் தாமே போட்டவர். குட்டையர் என்று ஒரு வர்க்கத்தை வகுத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வதுதான் ஆதியிலிருந்தே பிழை.

ஆக, 2012 பிப்ரவரியில் சாக்ரமெண்டோ செய்ய வேண்டியது என்ன? என் அபிப்பிராயம் ஐயத்துக்கிடமில்லாதது: தாமஸைத் தொடக்க ஐவரில் சேர்ப்பதே நியாயம், கீத் ஸ்மார்ட் அதைத்தான் செய்தார். எவன்ஸை முன்களத்துக்கு நகர்த்திவிட்டுப் பந்தைத் தாமஸிடம் கொடுத்தார். பிப்ரவரி, மார்ச் இரு மாதங்களிலும் மேற்குப் பிரிவின் சிறந்த புதுமுகம் என்ற விருது அறுபதாமவருக்குக் கிடைத்தது. பருவம் முடிந்தபோது அவர் சராசரி 11.5 புள்ளி, 4.1 அசிஸ்ட். அணி என்னவோ 22 வெற்றி, 44 தோல்வியோடுதான் முடிந்தது. அப்படித் தோற்றுக்கொண்டிருந்ததே அவரைச் சேர்ப்பதற்கு மற்றொரு நியாயமும் ஆகும்: ஜெயிக்கும் அணிக்குப் பரீட்சை என்பது ஆடம்பரம், தோற்கும் அணிக்கு, யாரிடம் என்ன இருக்கிறதென்று தெரிந்துகொள்வதைவிட லாபகரமான வேலை வேறில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்காத விஷயம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நிர்வாகம் அவரைவிட நெட்டையான ஒருவரைத் தேடிக் கொண்டுவந்து முன்னே நிறுத்தியது. 2013-இல் வந்தவர் ஆறடி ஆறங்குலத்து கிரேவிஸ் வாஸ்கெஸ். டிசம்பரில் அவர் வேறு அணிக்கு மாற்றப்பட்டதும் இடம் மறுபடி தாமஸிடமே வந்தது. அந்தப் பருவத்தை அவர் சராசரி 20.3 புள்ளி, 6.3 அசிஸ்டோடு முடித்தார். அதற்கு வெகுமதியாக 2014 கோடையில் ஃபீனிக்ஸுக்கு அனுப்பப்பட்டார்! அங்கேயும் மாற்று ஆட்டக்காரர். 2015 பிப்ரவரியில் பாஸ்டனுக்கு வந்தபின்னும், அந்தப் பருவம் முடியும்வரை மாற்று ஆட்டக்காரரே.

தொடக்க இடம் என்பதற்கு நாம் தரும் மரியாதை சற்று மிகையோ என்றும் இங்கே எண்ணத் தோன்றுகிறது. ஆட்டம் 48 நிமிடம். தொடங்குபவர் யார் என்பதைக் காட்டிலும், கடைசி ஐந்து நிமிடம் களத்தில் நிற்பவர் யார் என்பதே பயிற்சியாளரின் உள்மனத்தைக் காட்டும். சான் அன்டோனியோவின் மானு ஜினோபிலி, ஆறடி ஆறங்குலம் இருந்தும், தம் வாழ்வின் பெரும்பகுதி பெஞ்சிலிருந்தே வந்து ஆடி, புகழ்மண்டபத்திலும் இடம்பெற்றார். அவரைப் பெஞ்சில் வைத்தது உபாயம். எதிரணியின் இரண்டாம்தர ஆட்டக்காரர்கள் களத்தில் இருக்கும் வேளையில் அவரை அவிழ்த்துவிடும் தந்திரம். தாமஸைச் சாக்ரமெண்டோ பெஞ்சில் வைத்தபோது அதில் இப்படியொரு தந்திரம் இருந்ததாகத் தெரியவில்லை, அவநம்பிக்கைதான் இருந்தது.

பாஸ்டனின் அப்போதைய பயிற்சியாளர் பிராட் ஸ்டீவன்ஸ், வினாவையே மாற்றிப் போட்டார் என்று சொல்லலாம். இவர் உயரம் போதுமா என்று கேட்பதை விட்டு, இவரைச் சுற்றி எந்த நால்வரை நிறுத்தினால் இவர் கடன் அடைபடும் என்று கேட்டார். பிராட்லி எதிரணியின் மிக அபாயகரமான கார்டைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஜே கிரவுடர் அகலத் தோளோடு அடுத்தவரை மறித்தார். மூத்தவரான ஆல் ஹார்ஃபோர்டு பின்னிருந்து எல்லாவற்றையும் கவனித்து ஓட்டைகளை அடைத்தார். தாமஸுக்கு எதிரணியின் மிகச் சாதுவான எறிபவர் ஒருவரைக் கொடுத்து ஒதுக்கமாய் வைத்தார்கள். 2016-17 பருவத்தில் தாமஸின் சராசரி 28.9 புள்ளி, அந்த ஆண்டு லீகில் அவருக்கு மேலே இருவர் மட்டுமே. ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்கு 90.9. மயாமிக்கு எதிராக ஓர் ஆட்டத்தில் 52 புள்ளி போட்டதில் 29 கடைசிக் கால்பகுதியில் மட்டும் வந்தவை. பாஸ்டன் 53 வெற்றிகளோடு கிழக்குப் பிரிவில் முதலிடம் பெற்றது.

இதற்குப்பின் வந்தது இடுப்புக் காயம். நெட்டையருக்குக் காலில் வேகம் குறைந்தாலும் கையின் நீளம் மிச்சமிருக்கிறது. வேகத்தையே முதலாகப் போட்டு வியாபாரம் செய்தவருக்கு அதன் ஒரு சிறு பங்கு குறைந்தாலும் லாபம் முழுவதும் போய்விடுகிறது. 2017 ஆகஸ்டில் பாஸ்டன் அவரைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்து ஆறடி இரண்டங்குலத்து கைரி இர்விங்கைப் பெற்றுக்கொண்டது; அடுத்த மார்ச்சில் இடுப்பில் அறுவைச் சிகிச்சை. 2019-20 பருவத்தில் வாஷிங்டன் விஸர்ட்ஸ் அவருக்கு மறுபடி தொடக்க இடம் கொடுத்தது, 40 ஆட்டங்களில் 37-ஐ அவர் தொடங்கி ஆடினார், சராசரி 12.2 புள்ளியும் சேர்த்தார். அந்த அணியில் பிராட்லியைப் போல் மறிப்பவரும் இல்லை, ஹார்ஃபோர்டைப் போல் பின்னிருந்து அடைப்பவரும் இல்லை. லீகின் மிக மோசமான தடுப்பணிகளுள் அது ஒன்றாயிருந்தது. 2020 பிப்ரவரியில் அவர்கள் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கிளிப்பர்ஸ் அவரைக் களத்தில் இறக்காமலே விடுவித்துவிட்டது.